செத்த செம்பருத்தியும் ஒரு வாளித் தண்ணீரும்

செத்துப்போன செம்பருத்தியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போன நாளில்தான் எனக்குத் தோட்டம் என்று ஒன்று ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இருந்தது, செடிகளை வாங்கி வந்து வரிசையாகச் சாகடிக்கும் ஒரு மொட்டை மாடி.

சண்டை போடத்தான் போனேன். வாங்கி 2 மாதம்கூட ஆகவில்லை. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினேன், ஒரு நாள் தவறவில்லை. தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தால் எப்போதும் ஈரம்தான். அப்படியும் இலை ஒவ்வொன்றாகப் பழுத்தது, மொட்டெல்லாம் கொட்டியது, கடைசியில் குச்சி மட்டும் நின்றது. செடியே சரியில்லை, நீங்கள் கொடுத்ததே நோஞ்சான் என்பது என் கட்சி.

நர்சரிக்காரப் பெரியவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து செடியை எடுத்து வேரைச் சுற்றியிருந்த கலவையைக் கையால் உதறினார். உள்ளே மண் உருண்டை முழுசாக இருந்தது. வாங்கும்போது இருந்த பாலித்தீன் பையின் வடிவம் அப்படியே. பையின் மடிப்புத் தடம்கூட அதில் பதிந்திருந்தது. இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்துப் பிளந்தார். மேலே ஒரு நகக்கண் அளவுக்குக் கறுப்பாக ஈரம். அதற்குள்ளே வெளிறிப்போன செம்மண், செங்கல்லை இடித்த மாதிரி. அவர் ஊதினார், பறந்தது. வேர் அத்தனையும் அந்தப் பொடிக்குள் சுருண்டு கிடந்தது. என்னுடைய தொட்டி மண்ணுக்குள் ஒரு நூல்கூட நீளவில்லை.

"தண்ணி ஊத்துனது நிசந்தாம்மா. ஆனா செடிக்கு ஊத்தல, தொட்டிக்கு ஊத்திருக்க."

நான் பிழைதிருத்துபவள். ஒற்று மிகுமா மிகாதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பிழைப்பவள். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அந்தப் பொடியைப் பார்த்ததும் அது போய்விட்டது.

நடந்தது இதுதான். நர்சரியில் செடி வளர்வது பெரும்பாலும் களி கலந்த கெட்டி மண்ணில். பை உடையாமல் இருக்க, தூக்கும்போது மண் உதிராமல் இருக்க, அவர்களுக்கு அது தேவை. நான் அதை வாங்கி வந்து, தேங்காய் நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த பொலபொலப்பான கலவையின் நடுவில் அப்படியே இறக்கினேன். தண்ணீர் ஊற்றினால் அது எளிதான வழியைத்தானே பிடிக்கும்? பொலபொலப்பான பகுதி வழியாக இறங்கி, அடித்துளையால் வெளியே போய்விட்டது. நடுவில் கெட்டி உருண்டை. ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை லேசில் உள்ளே விடாது. உருண்டைக்குள் இருந்த ஈரத்தை வேர் குடித்து முடித்தது, அவ்வளவுதான். சுற்றிலும் ஈரம், நடுவில் பாலைவனம். மேலே விரலை விட்டுப் பார்க்கிற எனக்கு ஈரம்தான் தெரியும்.

இதற்கு மருந்து என்று அவர் சொன்னது ஒரு வாளித் தண்ணீர். நடுவதற்கு முன் பையோடு வாளியில் முக்கி வைக்க வேண்டும். முதலில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும். அது நிற்கிற வரை விட்டு, எடுத்து, உபரித் தண்ணீர் வடிந்தபின் நட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டியதில்லை, ஊறினால் வேர் மூச்சு முட்டும். நட்ட பிறகு முதல் சில வாரங்களுக்குத் தண்ணீரைத் தொட்டி ஓரத்தில் அல்ல, தண்டுக்குப் பக்கத்தில், அந்த உருண்டையின் தலைமேல் மெதுவாக ஊற்ற வேண்டும். இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை செடி போயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை.

அன்றைக்கு வேறு செம்பருத்தி கேட்டேன். உடனே தரவில்லை. "எங்க வெப்ப?" என்றார். மாடியில் என்றேன். "எத்தன மணி வெயிலு?" தெரியவில்லை. "பாத்துட்டு வா." விற்கிற இடத்தில் விற்க மாட்டேன் என்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மணிக்கொரு தடவை மாடியேறி, நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். வெயில் கொட்டுகிறது என்று நான் நம்பிய மூலைக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் போக 3 மணி நேர வெயில்தான் கிடைக்கிறது. செம்பருத்திக்கு அது பற்றாது. செடி பச்சையாக நிற்கும், பூவுக்குத்தான் பஞ்சம். ரோஜா, மல்லி எல்லாம் 6 மணி நேரமாவது கேட்கிறவை.

சரி, இப்போது நான் செடி வாங்குகிற விதத்தைச் சொல்கிறேன்.

வாசலில் பூவோடு நிற்கிற வரிசையைத் தாண்டிப் போய்விடுவேன். அது நம்மை உள்ளே இழுப்பதற்காக வைத்தது. பூத்துக் குலுங்குகிற செடி தன்னிடம் இருந்ததையெல்லாம் பூவில் போட்டுவிட்டு நிற்கிறது. வண்டியில் குலுங்கி, புது இடத்துக்கு வந்து, புது மண்ணில் வேர் விட அதற்குத் தெம்பு மிஞ்சாது. பூ என்ன நிறம் என்று தெரிய அந்த வரிசையில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு, அதே ரகத்தில் பூவில்லாத, குட்டையான, பக்கக் கிளை பிரிந்த செடியைப் பின்வரிசையில் தேடுவேன். உயரமான செடிக்கு ஆசைப்படக் கூடாது. இடநெருக்கடியில் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக ஓடியதாக இருக்கும். அடியில் இலையே இருக்காது, கையை எடுத்தால் சாயும்.

அப்புறம் பையின் அடிப்பக்கம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பையைத் தூக்கும்போது ஒரு கணம் தரையோடு பிடித்துக்கொண்டு, பிறகு 'படக்' என்று ஒரு சத்தத்தோடு வந்தால், அதை வாங்காதீர்கள். அந்தச் செடி பல மாதமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பையின் ஓட்டை வழியாக வேரைத் தரைக்குள் இறக்கியிருக்கிறது என்று அர்த்தம். அது இத்தனை செழிப்பாக இருப்பதே பைக்குள் இருக்கிற மண்ணால் அல்ல, கீழே இருக்கிற தரையால். நாம் தூக்கிய மாத்திரத்தில் அந்த வேர் அறுந்துவிட்டது. அன்று சாயங்காலம்வரை பளபளவென்று இருக்கும். மூன்றாம் நாள் தலை தொங்கும்.

இதற்கும் வழி இருக்கிறது. செடி ரொம்பப் பிடித்துப்போனால், "இதை நகர்த்தி வையுங்கள், பத்து நாள் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். வேரை அறுத்துத் தூக்கி, நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேற்றித் தருவார்கள். தேறினால் வாங்கலாம்; தேறாவிட்டால் நஷ்டம் நம்முடையது அல்ல. சிறிய நர்சரியின் பெரிய சௌகரியம் இதுதான் என்பேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளே விற்கிற ஆளும். எப்போது பை மாற்றினது, பச்சை வலைக்குக் கீழே இருந்ததா வெட்டவெளியில் இருந்ததா, காலையில் தண்ணீரா மாலையிலா, எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. அட்டையில் அச்சடித்துத் தொங்கவிட்ட குறிப்பு இதைச் சொல்லாது.

நிழல்வலைக்குக் கீழே இருந்ததா என்பது முக்கியமான கேள்வி. நிழலில் விட்ட இலை மெலிசானது. அதை ஒரே நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவந்தால் வெளிறித் திட்டுத் திட்டாகக் கருகும். நான் அதை நோய் என்று நினைத்து மருந்தடித்திருக்கிறேன், பாவம். முதல் இரண்டு மூன்று நாள் வெளிச்சமான நிழல், பிறகு காலை வெயில் மட்டும், ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில் என்று பழக்கினால் போதும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது; வெயிலிலேயே பிறக்கிற புது இலைதான் வெயிலைத் தாங்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இலையைத் திருப்பிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அடிப்பக்கமும் இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கும். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தால் மாவுப்பூச்சி. தட்டினால் வெள்ளைத் தூள் பறந்து திரும்ப உட்கார்ந்தால் வெள்ளை ஈ. தண்டில் எறும்பு வரிசை கட்டி ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு போகிறது. எவ்வளவு பார்த்து வாங்கினாலும் முட்டை கண்ணில் படாது. அதனால் புதுச்செடியை 2 வாரத்துக்கு மற்றவற்றோடு சேர்ப்பதில்லை, படிக்கட்டுத் திருப்பத்தில் தனியாக. என் மாப்பிள்ளை அந்த இடத்துக்கு 'தனிமை வார்டு' என்று பேர் வைத்திருக்கிறான்.

பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவேன், பாதி அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு, இலைக்கு அடியில் படும்படி. வெயில் நேரத்தில் அடித்தால் இலை வெந்துபோகும்.

ரோஜா ஒன்று மட்டும் என்னை நிறையப் படுத்தியது. அடர் சிவப்பு, கையகலப் பூ. முதல் வருஷம் நன்றாகப் பூத்தது. அப்புறம் அடியிலிருந்து ஒரு தளிர் கிளம்பியது. என்ன வேகம்! ஒரு மாதத்தில் செடியைவிட உயரம். எனக்குப் பெருமை தாங்கவில்லை, போவோர் வருவோரிடமெல்லாம் காட்டினேன். அது கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ பூத்தது. அதற்குள் சிவப்புக் கிளைகள் காய்ந்துகொண்டு வந்தன. பெரியவரிடம் போய், "ரோஜா நிறம் மாறிவிட்டது" என்றேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

நர்சரி ரோஜா பெரும்பாலும் ஒட்டு. வேர் ஒரு காட்டு ரகத்தினுடையது, மேலே நாம் விரும்பும் பூவின் மொட்டை அதில் ஒட்டியிருப்பார்கள். தண்டின் அடியில் முட்டி மாதிரி வீங்கிய ஓர் இடம் தெரியும், அதுதான் ஒட்டு. அதற்கு மேலே கிளம்புவது நம் செடி, கீழே கிளம்புவது காட்டுச்செடி. காட்டுச்செடிக்கு வீரியம் அதிகம், விட்டால் மேலே இருப்பதைத் தின்றுவிடும். 'ஏழிலைக் கொத்து வந்தால் காட்டு ரோஜா, ஐந்திலை என்றால் நல்லது' என்று ஒரு கணக்கைப் பலரும் சொல்வார்கள். அதை நம்பிக் கத்திரிக்கோல் எடுக்காதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழிலை வருகிறது. எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் கணக்கு. மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தரை மட்டத்தில் வெட்டினால் அடியில் இருக்கிற கணுவிலிருந்து திரும்ப இரண்டாக வரும். பிறந்த இடம்வரை தோண்டி, பிடித்து இழுத்துப் பிய்த்தெடுக்க வேண்டும்.

ஒட்டு முட்டியை மண்ணுக்கு மேலே வைத்து நடுவது வெப்பமான ஊர்களின் வழக்கம். உறைபனி விழும் நாடுகளில் அதைக் குளிரிலிருந்து காப்பாற்ற மண்ணுக்குள் புதைக்கிறார்கள். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே முட்டியைப் புதைத்தவர் யார் என்று கேட்காதீர்கள். ஒட்டின்மேல் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவையும் பாருங்கள். ஒட்டு கூடிய பிறகும் அவிழ்க்காமல் விட்டால் தண்டு பருக்கப் பருக்க அது கழுத்தை நெரிக்கும்.

எலுமிச்சை வாங்கும்போது கேட்க வேண்டியது வேறு: விதைக்கன்றா, பதியனா (கிளையைத் தாய்ச்செடியில் இருக்கும்போதே வேர்விட வைத்துப் பிரித்தது), ஒட்டா? எலுமிச்சைக் குடும்பத்தில் ஒரு விந்தை உண்டு. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பல தாய்ச்செடியின் நகலாகவே இருக்கும். ஆகவே விதைக்கன்று என்றால் மட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொறுமை வேண்டும், காய்க்க நான்கைந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். முள்ளும் நீளநீளமாக இருக்கும். பதியனும் ஒட்டும் இரண்டு மூன்று ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். என்னுடையது பதியன். அதில் ஒரு நாள் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி, பழுப்பில் வெள்ளைத் திட்டோடு ஒன்று. துடைக்கப் போனேன், நகர்ந்தது. புழு! வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. பறவைகள் தன்னைத் தின்னாமலிருக்க எச்சமாக வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. சில நாளில் தோல் உரித்து இலைப் பச்சைக்கு மாறிவிட்டது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோலப் பிரிந்த சிவந்த கொம்பு ஒன்றை வெளியே நீட்டி, ஒரு நாற்றத்தைக் கிளப்பியது. கொம்பு உள்ளே போனதும் மறுபடியும் தொட்டேன். இப்படியே அரை மணி நேரம் போயிற்று. அன்றைய மெய்ப்பு அப்படியே கிடந்தது. ஐந்து புழுவில் மூன்றை அப்புறப்படுத்திவிட்டு இரண்டை விட்டேன். ஒரு கிளை மொட்டையானது. போகட்டும்.

தொட்டி விஷயத்தில் ஒரே ஒரு சண்டை எனக்கு உண்டு. அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் வருஷக்கணக்கில் போட்டேன். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் அவ்வளவு சுலபமாக இறங்காது. மேலே மண் முழுக்க நிறைந்து சொதசொதத்த பிறகுதான் இறங்கும். கல் போட்டதால் அந்தச் சொதசொதப்பு வேருக்கு இன்னும் கிட்டே வருகிறது. துளையை அடைக்காமல் ஓர் ஓட்டுச்சில்லோ துண்டு வலையோ வைத்தால் போதும். தொட்டியும் பையைவிட இரண்டு விரற்கடை அகலம் இருந்தால் போதும். சின்னச் செடிக்கு அண்டா மாதிரித் தொட்டி கொடுத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல்தான் வரும்.

பையை பிளேடால் நெடுக்காகக் கிழித்து எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. வேர் உள்ளே வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் கோதிப் பிரித்துவிடுங்கள், கெட்டியாகச் சுற்றியிருந்தால் பக்கவாட்டில் நாலு இடத்தில் பிளேடால் கீறுங்கள். மனசு கேட்காது. கீறாமல் நட்டால் வேர் அதே வட்டத்திலேயே சுற்றிச் சுற்றித் தன்னையே இறுக்கிக்கொள்ளும்.

உரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நட்ட முதல் மூன்று நான்கு வாரம் உரமே வேண்டாம். அப்புறம் மாதம் ஒரு கை மட்கிய உரம். இலை மஞ்சளானால் எது முதலில் மஞ்சளாகிறது என்று பார்ப்பேன். அடியில் இருக்கிற பழைய இலையென்றால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. இரண்டுக்கும் முன்னால் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். வேர் மூச்சுவிட முடியாமல் தவித்தாலும் இலை மஞ்சளாகத்தான் செய்யும்.

பேர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையும் மார்க்கரும் வெயிலில் வெளுத்து, ஒரு வருஷத்தில் எல்லாச் செடியும் பேரில்லாத செடியாகிவிடும். பென்சில் கரி மங்காது. எந்த நாள் நட்டது, நர்சரியில் எங்கே நின்றது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். 'பின்வரிசை, வலைக்குக் கீழ், களிமண்' என்று ஒரு சீட்டில் இருக்கிறது. அது இரண்டாவது செம்பருத்தி. தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாத பக்கத்தில் நிற்கிறது; இன்று காலை 4 பூ. சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும், அதற்கு வாய்த்தது ஒரு நாள்தான். நாளைக்கு வேறு மொட்டு தயாராக இருக்கிறது.

போன வாரம் குண்டுமல்லி ஒன்றைப் பார்த்து வைத்தேன். தூக்கினேன், 'படக்' என்றது. கீழே வைத்துவிட்டுப் பெரியவரைப் பார்த்தேன். "என்னம்மா, நகத்தி வெக்கவா?" என்றார். பத்து நாள் தவணை. மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால், தேற்றும்போதே நுனிகளைக் கத்தரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போய் எடுத்துவர வேண்டும். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. பையும் இருக்கிறது, செத்த செம்பருத்தியைத் தூக்கிப் போன அதே துணிப்பை.